மூன்று முறை தட்டினார்கள்

வாசகர் கடிதம்:

டாக்டருக்கு வணக்கம். எனக்கு 61 வயது. காரைக்குடியில் ஹார்டுவேர் கடை. வீடு பக்கத்துக் கிராமத்தில். எட்டுப் பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீட்டில் எங்கள் பங்கில் நான், என் மனைவி, என் அப்பச்சி (அப்பா) மூவரும் இருக்கிறோம். மகன் கல்லூரியில் படிக்கிறான், விடுமுறைக்கு வருவான். ஆத்தா தவறி நான்கு வருடம் ஆகிறது. அப்பச்சிக்கு 88. இரண்டு வருடமாக மறதி நோய்க்கு மருந்து எடுக்கிறார்.

அப்பச்சி 1955இல், 18 வயதில், கோலாலம்பூர் லெபு அம்பாங்கில் ஒரு செட்டியார் வட்டிக்கடைக் கிட்டங்கிக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவியாளனாகப் போனவர். 1970இல் ரஜுலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கினார். அப்போது எனக்கு ஆறு வயது. அதற்குமுன் ஒரே ஒரு முறைதான் அவரைப் பார்த்திருக்கிறேன், அதுவும் நினைவில் இல்லை. வந்த நாளிலிருந்து அடிதான். வாய்ப்பாடு தப்பினால் பெல்ட். பன்னிரண்டு வயதில், ஒரு கல்யாண வீட்டில், பங்காளிகள் எல்லாரும் பார்க்க, என்னை வளவில் (நடு முற்றத்தில்) வெயிலில் முட்டி போட வைத்தார். 1985இல் பினாங்கில் மாமாவின் கடையில் வேலைக்குப் போகப் பாஸ்போர்ட் எடுத்தேன். அதைக் கிழித்து அடுப்பில் போட்டார். நாற்பது வருடமாக அவரிடம் தேவைக்கு மேல் பேசியதில்லை.

போன தை மாதம் பெட்டகத்தைச் சுத்தம் செய்தபோது, 1969இல் அவர் எங்கள் ஐயாவுக்கு (தாத்தாவுக்கு) எழுதிய கடிதம் கிடைத்தது. கோலாலம்பூரில் மே 13 இனக் கலவரத்தில் சௌக்கிட் பக்கம் ஒரு கடையின் பின்னறையில் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். "ராத்திரி கதவைத் தட்டினார்கள். பக்கத்துக் கடைச் சீனர் குரல் மாதிரி இருந்தது. நான் திறக்கவில்லை. மூணு தடவை தட்டினார்கள். அப்புறம் தட்டவில்லை" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே கணக்கு விவரம்தான். அவர் இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

இப்போது மூன்று மாதமாக இரவில் எழுந்து மலாயில் கத்துகிறார். "ஜாங்கான் புக்கா பிந்து" என்கிறார். கதவைத் திறக்காதே என்று அர்த்தமாம். கத்திவிட்டு அழுகிறார். அவரைப் பார்த்துக்கொள்ள ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பையனை ஒன்றரை வருடமாக வைத்திருக்கிறோம். உள்ளே தாழ்போட்டுக்கொண்டவரைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போக அவன் கதவைத் தட்டியிருக்கிறான். திறந்தவர் கைத்தடியால் அவன் நெற்றியில் அடித்துவிட்டார். மூன்று தையல். "அவன் என்னைக் கொல்ல வந்தவன்" என்கிறார். பையனுக்கு இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, பெரியவர், பொறுத்துக்கொள் என்றேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் கடையில் என் செல்போனைக் காணவில்லை. "இந்த வடக்கனுங்களே இப்படித்தான்" என்று சத்தம் போட்டேன். போன் என் ஸ்கூட்டர் பெட்டிக்குள் இருந்தது. லீவுக்கு வந்திருந்த என் மகன் சொன்னான்: "அப்பச்சி, நீங்க ஐயா மாதிரியே பேசுறீங்க."

அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு அவரை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. சென்னையில் இருக்கும் தம்பி எல்லாவற்றையும் மறந்துவிடு என்கிறான். நான் என்ன செய்ய வேண்டும்? அவரிடம் அந்த இரவைப் பற்றிக் கேட்கலாமா? கடிதத்தை எரித்துவிடலாமா?

பதில்:

ஐயா, வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மகளாக, இரண்டாம் முறை மருத்துவராக. என் அப்பா தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். திண்ணையில் சாய்வு மேசையை வைத்துக்கொண்டு பேரேடு எழுதுவார். அவர் சொன்ன ஒரு விஷயம் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது நினைவுக்கு வந்தது. ஓர் ஆளுக்கு நாம் தர வேண்டிய பாக்கியை, இன்னோர் ஆள் நமக்குத் தர வேண்டிய பாக்கியோடு நேர்செய்து மூடிவிடுகிற குமாஸ்தாவை ஒரு நாள்கூட வேலையில் வைத்திருக்க மாட்டார்களாம். ஐந்தொகை அழகாகத்தான் வரும். கணக்குப் பொய்யாகிவிடும்.

நீங்கள் இப்போது செய்யப் பார்ப்பது அந்த நேர்செய்தலைத்தான். கோலாலம்பூரில் அவருக்கு நடந்தது ஒரு பக்கம். வளவில் வெயிலில் உங்களுக்கு நடந்தது இன்னொரு பக்கம். ஒன்றை எடுத்து மற்றதைத் தீர்த்துவிட்டால் நிம்மதியாகிவிடும் என்று தோன்றுகிறது. தீரவில்லை என்றதும் உங்களிடமே ஏதோ குறை என்று நினைக்கிறீர்கள். அவர் உங்களுக்குத் தர வேண்டியதை மே 13 கொடுத்து முடிக்காது. நீங்கள் பட்ட அடியாலும் அந்த இரவின் பயங்கரம் குறையாது. இரண்டும் தனித்தனிப் பேரேடு.

முதலில் அந்த இரவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், உங்கள் மகனுக்கும் தெரியட்டும். 1969 மே 10ஆம் தேதி மலேசியாவில் பொதுத் தேர்தல். எதிர்க்கட்சிகள் எதிர்பார்த்ததைவிட அதிக இடங்களைப் பிடித்தன. வெற்றி ஊர்வலங்கள், வசைகள், பதில் ஊர்வல ஏற்பாடு. 13ஆம் தேதி மாலை கம்போங் பாரு பக்கம் வெட்டுக்குத்து தொடங்கியது, இரவுக்குள் ஊரடங்கு. சௌக்கிட் அங்கிருந்து கூப்பிடு தூரம். அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 196 பேர். அதில் சீனர் 143, மலாய்க்காரர் 25, இந்தியர் 13. உண்மையில் இன்னும் அதிகம் என்று சொல்பவர்கள் உண்டு. மலாய்க்காரருக்கும் சீனருக்கும் நடந்த சண்டையில் உங்கள் அப்பச்சி மூன்றாமவர். மூன்றாமவருக்கு அப்படிப்பட்ட இரவில் ஒரு தனி அவஸ்தை உண்டு. வெளியே நிற்பவன் எந்தப் பக்கத்து ஆள், அவன் கண்ணுக்குத் தான் எந்தப் பக்கமாகத் தெரிவோம் என்பது கதவு திறந்த பிறகுதான் தெரியும்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் வேலை செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்ற சட்டம் அந்தச் சமயத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. பல ஆயிரம் தமிழர்கள் திரும்பி வந்தார்கள். அப்பச்சி 1970இல் கப்பல் ஏறியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். பதினைந்து வருட உழைப்பு, வசூலாகாத கடன், விட்டுவந்த சாமான். இறங்கிய இடத்தில் பெண்களும் பங்காளிகளும் பதினைந்து வருடமாக அவர் இல்லாமலே நடத்திப் பழகிய ஒரு வீடு. அங்கே அவரை யாரென்று தெரியாத ஆறு வயதுப் பையன். "அப்பச்சி வந்திருக்காக, போய்க் கும்பிடு" என்று யாரோ தள்ளிவிட்டிருப்பார்கள். நீங்கள் ஆத்தா பின்னால் ஒளிந்திருப்பீர்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போய் வந்த குடும்பங்களில் இந்தக் காட்சியைப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வருடக் கணக்கு முடித்து வருகிறவர் குழந்தைக்கு முதலில் விருந்தாளி, பிறகு போலீஸ்காரர். அப்பாவாக ஆவதற்குள் அடுத்த கப்பல் வந்துவிடும்.

இவ்வளவும் உண்மை. ஆனால் இங்கேதான் நான் உங்களை நிறுத்துகிறேன். பெட்டகத்தில் கிடைத்த கடிதம் உங்கள் வாழ்க்கை முழுவதையும் விளக்கிவிட்டதாக ஒரு நினைப்பு உங்களுக்கு வந்திருக்கிறது. காரணம் கிடைத்தால் அடி பட்டதற்கு ஒரு அர்த்தம் கிடைக்கும். யாருக்குத்தான் அது வேண்டாம்? நீங்கள் அனுப்பிய தனிக் குறிப்பில் வேறு விஷயமாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 1962இல் கல்யாணம் முடிந்த அந்த ஊர்த் தங்கலிலேயே, குழம்பில் உப்புக் கூடிப்போனதற்காகத் தட்டை வளவின் நடுவே விட்டெறிந்தார் என்று ஆத்தா சொன்னதாக. அப்போது கலவரமும் இல்லை, கதவுத் தட்டலும் இல்லை. 25 வயது, கையில் காசு, வீட்டில் மரியாதை. அந்தக் கோபம் அவர் கப்பலில் கொண்டுவந்தது மட்டும் இல்லை, இங்கிருந்தே கொண்டுபோனது.

பாஸ்போர்ட் விஷயம் வேறு. அதில் எனக்கு 1969 தெரிகிறது. மகன் அதே கடலைத் தாண்டப் போகிறான் என்றதும் அவருக்குக் கை நடுங்கியிருக்க வேண்டும். நடுக்கத்தைச் சொல்லத் தெரியாதவர் கிழித்துப் போட்டார். அதை இப்போது நீங்கள் பயமென்று படித்துக்கொண்டால் நியாயம் இருக்கிறது. வாய்ப்பாட்டுக்கு விழுந்த பெல்ட்டை அப்படிப் படிக்க முடியாது. அது வீட்டில் தன்னைவிடச் சின்னவன் ஒருவன் இருந்ததால் விழுந்தது. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள்.

மன்னிக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். 2007ஆம் வருடத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் உங்கள்மேல் சுமத்துவது சோறு, துணி, இருப்பிடம், மருத்துவம். நான் அதைப் பல முறை படித்திருக்கிறேன், மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தகப்பனை மன்னிக்க முடியாத குற்ற உணர்ச்சியில், அவரைத் தொட்டுக் குளிப்பாட்டக்கூட முடியாமல் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். மன்னிக்காமலே நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் நான்கு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள், அதற்குப் பெயர் வைக்கத் தெரியாமல். மன்னிப்பு ஒரு நாள் தானாக வந்தால் வரட்டும். வராவிட்டாலும் முன்னோருக்குப் படைக்கிற படைப்பு வீட்டில் யாரும் உங்களைக் கேள்வி கேட்கப் போவதில்லை.

தம்பியைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. 1972இல் பிறந்தவருக்கு விவரம் தெரியும்போது அப்பச்சிக்குக் கடையும் ஊரும் பழகிவிட்டன. ஒரே பெயரில் இரண்டு பேருக்கு இரண்டு தகப்பன்கள். அவர் பார்க்காததை மறப்பது அவருக்குச் சுலபம். அவரிடம் வாதாடாதீர்கள். மாதத்தில் பத்து இரவு வந்து படுக்கச் சொல்லுங்கள்.

இனி அந்த இரவைப் பற்றிக் கேட்கலாமா என்பது. கூடாது. இந்த நிலையில் அவர் மூளை நடந்ததைச் சொல்லுவதில்லை, அதற்குள்ளேயே போய் நிற்கிறது. மறதி நோயில் நேற்றைய சாப்பாடுதான் முதலில் போகும். ஐம்பது வருடத்துக்கு முந்தையது நெடுநாள் நிற்கும். இடையில் கற்ற மொழிகூடத் திடீரென்று நாக்கில் வந்து உட்காரும். நீங்கள் கடிதத்தைக் காட்டி "யார் அந்தச் சீனர், என்ன ஆனார்" என்று கேட்டால், உங்களுக்குப் பதில் கிடைக்காது. அவர் அந்த அறைக்குள் போய் அடைந்துகொள்வார், அவ்வளவுதான். அவரே பேசினால் கேளுங்கள். பேசவிடுங்கள். திருத்தாதீர்கள். "இது மலேயா இல்லை, காரைக்குடி" என்று நிரூபிக்க முயலாதீர்கள்.

ஆனாலும் நீங்கள் எழுதிய ஒன்று என்னை நிறுத்தியது. வெறும் பயம் என்றால் கத்திவிட்டு ஒளிந்துகொள்வார். இவர் கத்திவிட்டு அழுகிறார். உயிருக்குப் பயந்தவர்களுக்கு வருகிற கனவை மருத்துவம் 1980இலேயே பெயர் வைத்து அங்கீகரித்துவிட்டது. செய்யாமல் விட்ட ஒன்று ஒருவரை இப்படி அரிப்பதைப் பற்றி நாங்கள் பேசத் தொடங்கியது அதற்கெல்லாம் பிறகு. அந்தக் கதவுக்கு வெளியே நின்றவர் பிழைத்தாரா, யாராவது வேறு கதவைத் திறந்தார்களா, எதுவும் உங்களுக்கும் எனக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாமலே இருந்திருக்கலாம். திறந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திறக்காதது சரி என்றும் சொல்ல வரவில்லை. ஐயாவுக்கு எழுதிய கடிதத்தில் அதற்குக் கீழேயே கணக்கு விவரம் எழுதியிருக்கிறார் என்றீர்களே, அந்த வரிசையைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுத வேறு மொழி அவரிடம் இல்லை.

அந்தக் கடிதத்தைப் பெற்ற ஐயாவும் லேசுப்பட்டவர் இல்லை. பர்மாவிலிருந்து 1942இல் எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்குள் நடந்து வந்தவர் என்று அதே தனிக் குறிப்பில் எழுதியிருந்தீர்கள். அப்போது உங்கள் அப்பச்சிக்கு ஐந்து வயது. உங்களுக்கு ஆறு வயதில் வந்தது போல, அவருக்கு ஐந்து வயதில்தான் முதல் முறையாகத் தகப்பன் வந்திருக்கிறார், எல்லாவற்றையும் இழந்து, வாயைத் திறக்காமல். இதை வைத்து நான் கோட்பாடு எதுவும் கட்டப்போவதில்லை. தலைமுறை சாபம் என்றெல்லாம் சிலர் எழுதுவார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வயதை மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் வாசகம் ஒன்றையும் அந்தக் குறிப்பில் எழுதியிருந்தீர்கள்: "ஒருத்தனையும் நம்பாதே. சோறு போட்டவனையே கடிப்பானுங்க." முதலில் பர்மாக்காரர், பிறகு மலாய்க்காரர், இப்போது ஜார்க்கண்ட் பையன். இந்த வாசகத்தின் முதல் பாதியில் கண்ணீர் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். இரண்டாம் பாதியில் கணக்கு விடுபட்டிருக்கிறது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் பெயரில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1930களின் கடைசியில் அது 25 சதவீதம். நெல் விலை பாதாளத்துக்குப் போனது, கடன் திரும்பவில்லை, ஈட்டு நிலம் கைமாறியது. கொடுத்தவர்களுக்கும் வேண்டியது ரொக்கம், வயல் இல்லை. ஆனால் அப்பன் பாட்டன் உழுத வயலை இழந்து அதே வயலில் குத்தகைக்கு நின்றவனுக்கு அந்த வித்தியாசம் எப்படிப் புரியும்? அவன் கோபம் தப்பான வீட்டுக் கதவுகளை உடைத்தது. இந்தியத் துறைமுகக் கூலிகளும் ரிக்ஷாக்காரர்களும் செத்தார்கள். கோபத்துக்குக் காரணமே இல்லை, நன்றி கெட்ட ஜனம், என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்க்கும்போது, பிள்ளைகள் கற்றுக்கொள்வது வரலாற்றை இல்லை. தட்டுகிறவன் யாராக இருந்தாலும் எதிரி என்பதைத்தான்.

அது உங்கள் நாக்கிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. கடையில் நடந்ததை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. உங்கள் கடிதத்திலேயே எழுத மிகக் கடினமான பத்தி அதுதான் என்று நினைக்கிறேன், கையெழுத்தும் அங்கே மாறியிருக்கிறது. நாற்பது வருடம் அவரைப் போல ஆகக்கூடாது என்று பல்லைக் கடித்தீர்கள். பிள்ளையை அடிக்கவில்லை. பெல்ட்டே கட்டுவதில்லை என்றுகூட எழுதியிருக்கிறீர்கள். காவல் போட்ட வாசல் வழியாக அவர் வரவில்லை, பின்கட்டு வழியாக வந்திருக்கிறார். மகன் சொன்னதற்குக் கோபப்படாமல் எனக்கு எழுதினீர்கள் பாருங்கள், அப்பச்சிக்கு அது ஒரு நாளும் வாய்க்கவில்லை.

கொஞ்சம் கடுமையாக ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கக் கடிதத்தில் உங்கள் ஹார்டுவேர் கடை இருக்கிறது, ரஜுலா கப்பலுக்குப் பெயர் இருக்கிறது. ஒன்றரை வருடமாக உங்கள் அப்பச்சிக்குக் கால் கழுவிவிடுகிற பையனுக்குப் பெயர் இல்லை.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்வதாகப் பொய் வீடியோக்கள் பரவியது நினைவிருக்கும். அந்த வாரம் என் கிளினிக்குக்கு இங்கே ஒரு ஹோட்டல் அடுக்களையில் பாத்திரம் தேய்க்கும் பையனைக் கூட்டிவந்தார்கள். மூன்று நாள் தூக்கமில்லை. ஊரிலிருந்து அம்மா மணிக்கொரு முறை போன் செய்து வெளியே வராதே, கதவைத் திறக்காதே என்று அழுதுகொண்டிருந்தாராம். வீடியோ பொய் என்று நான் சொன்னேன். தலையை ஆட்டினான். ஆனால் என் அறைக் கதவை நர்ஸ் தட்டியபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். உங்கள் வீட்டுப் பையன் அப்போது எங்கே இருந்தான் என்று கேட்டிருக்கிறீர்களா? திருப்பூரிலா, கோவையிலா? கேளுங்கள். அவனுக்கும் சொல்ல ஒரு இரவு இருக்கலாம்.

இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தது தப்பில்லை. ஆனால் அடிபட்டவனைப் பொறுத்துக்கொள் என்று சொல்லும்போது, கல்யாண வீட்டில் முட்டி போட்டிருந்த பையனிடம் யாரோ ஒரு பெரிய ஆச்சி வந்து சொன்னது நினைவுக்கு வரவில்லையா? "அப்பச்சிதானே, பொறுத்துக்க." அவனிடம் உட்கார்ந்து பேசுங்கள். நோய் என்னவென்று அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள், ஹிந்தி தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டாவது. தையல் பிரிக்கும்வரை சம்பளத்தோடு லீவு. வேலையில் தொடர விருப்பமில்லை என்றால் முகம் கோணாமல் அனுப்புங்கள். தொடர்ந்தால் வாரத்தில் ஒரு முழு நாளும், இரவு முறைக்கு மாற்று ஆளும் கட்டாயம்.

இனி மருத்துவம். மூன்று மாதத்தில் இவ்வளவு கூடியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மறதி நோய் மெல்ல மெல்லத்தான் கூடும். சட்டென்று கூடினால் உடம்பில் வேறு ஏதோ இருக்கக்கூடும். சிறுநீரில் தொற்று, மலச்சிக்கல், உப்புச்சத்துக் குறைவு, புதிதாகச் சேர்த்த மாத்திரை, ஏன், காதில் அடைந்த குறும்பிகூட. கண்ணில் புரை வளர்ந்திருந்தால் மாலை மங்கலில் ஆள் அடையாளம் தெரியாது. தெரியாத முகமெல்லாம் திருடன் முகமாகும். இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் மனநோய் மாத்திரை பற்றிப் பேச வேண்டும். மருந்துக் கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இந்த நோயில் சில மாத்திரைகள் பக்கவாத அபாயத்தைக் கூட்டும், விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் அதிகம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இந்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளலாம். நடு இரவில் கையாள முடியாமல் போனால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். பகல் நேரத்தில் என்றால் முதியோருக்கென்று 14567 தனியாக இருக்கிறது.

மாலை ஐந்து மணிக்கே அவர் அறையில் விளக்கைப் போட்டுவிடுங்கள். அந்தக் காலத்து வீடுகளில் இரண்டாம் கட்டு அறைகள் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பர்மாத் தேக்குக் கதவு, ஒரு சின்ன ஜன்னல், பகலிலேயே இருட்டு. சௌக்கிட்டில் கடையின் பின்னறை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால், நீங்கள் அறியாமலே அவரை அதே அறையில் படுக்க வைத்திருக்கிறீர்கள். முடிந்தால் பட்டாலைப் பக்கம், வெளிச்சம் வருகிற இடத்துக்குக் கட்டிலை மாற்றுங்கள். பங்காளிகள் முணுமுணுத்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

கதவை இனி யாரும் தட்டக் கூடாது. நீங்களும்தான். வெளியிலிருந்தே, வருவதற்கு முன்பே, குரல் கொடுத்துக்கொண்டு வர வேண்டும். அவர் மலாயில் கத்தும்போது தமிழில் சமாதானம் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும். உங்கள் ஊரில் மலேயா போய் வந்தவர்களுக்கா பஞ்சம்? யாரையாவது பிடித்து இரண்டு சொல் கற்றுக்கொள்ளுங்கள். "தாக் அப்பா" என்றால் பரவாயில்லை என்று அர்த்தம். "சுடா ஹாபிஸ்" என்றால் முடிந்துவிட்டது. பையனுக்கும் சொல்லிக்கொடுங்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்தவன் செட்டிநாட்டு வீட்டில் மலாய் பேசுவது விசித்திரமாகத்தான் இருக்கும். அப்பச்சி 18 வயதில் இந்த ஊரிலிருந்து போய் அப்படித்தான் பேசக் கற்றார்.

கடிதத்தை எரிக்க வேண்டாம். அப்பச்சிக்குப் படித்தும் காட்ட வேண்டாம். உங்கள் மகனிடம் கொடுங்கள், ஆனால் தனியாகக் கொடுக்காதீர்கள். 1969 அந்தத் தாளில் இருக்கிறது. 1976 கல்யாண வீடும் 1985 அடுப்பும் அதில் இல்லை, அவற்றை நீங்கள்தான் எழுத வேண்டும். ஒரு குயர் நோட்டு வாங்குங்கள். அப்பச்சியைத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் திட்டியே எழுதுங்கள். கடையில் காணாமல் போன செல்போனையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள்.

வருகிற வியாழக்கிழமை மாலை அப்பச்சியை அழைத்து வாருங்கள், சிறுநீர், ரத்தப் பரிசோதனை முடிவுகளோடும், இப்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளோடும். பையன் வர விரும்பினால் அவனும் வரட்டும், நெற்றியைப் பார்க்கிறேன். அதற்கு முன்னால் இன்றைக்கே ஆசாரியைக் கூப்பிட்டு அறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லுங்கள். பழைய பித்தளைத் தாழ்ப்பாளாக இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள், பங்காளிகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.